செல்ஹர்ஸ்டுக்குப் பக்கத்துக் கடை: ஒரு கிண்ணப் பருவத்தின் நாட்குறிப்பு

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கலுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. கரும்பு, பானை, பச்சையரிசி, வறுத்த பயறு என்று காலையிலிருந்து கடையில் சனம். கல்லாவுக்குக் கீழே ஃபோனைச் சாய்த்துவைத்து, சத்தத்தை அடக்கி, டாம்வொர்த் – டொட்டன்ஹாம் ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தேன். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண உதைபந்தாட்டத்தின் மூன்றாம் சுற்று, தோற்றால் வெளியே. பெரிய கழகங்கள் உள்ளே வருகிற சுற்று இது. சின்னக் கழகங்கள் ஓகஸ்டிலேயே தொடங்கிவிடும். 700க்கும் மேற்பட்ட அணிகள்.

டாம்வொர்த் ஐந்தாம் அடுக்கில் ஆடுகிற அணி. வீரர்களில் பலருக்குக் கிழமை நாட்களில் வேறு வேலை இருக்கிறது. கோல்காப்பாளர் ஜஸ் சிங் கட்டடங்களை அளந்து மதிப்பிடுகிறவர். மைதானம் செயற்கைப் புல். கோல் வலையில் ஓட்டை விழுந்திருந்ததால் அதைக் கட்டி முடித்துத்தான் ஆட்டம் தொடங்கியது. அந்த இடத்தில் முதலாம் அடுக்கு டொட்டன்ஹாமால் 90 நிமிடத்தில் ஒரு கோல் அடிக்க முடியவில்லை.

போன வருடமென்றால் அத்தோடு விசில் ஊதியிருப்பார்கள். மறு ஆட்டம் டொட்டன்ஹாமின் அரங்கில் நடந்திருக்கும், வசூலிலும் டாம்வொர்த்துக்குப் பங்கு போயிருக்கும். சின்னக் கழகத்துக்கு அது சில வருடச் செலவு. இந்தப் பருவத்திலிருந்து முதலாம் சுற்று தொட்டு மறு ஆட்டமே கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். ஐரோப்பியப் போட்டிகள் பெருத்துவிட்டனவாம், பெரிய கழகங்களுக்கு நாள் இல்லையாம். ஆக, மேலதிக நேரம். 101ஆம் நிமிடத்தில் பந்து டாம்வொர்த்காரரிலேயே பட்டு உள்ளே போனது. முடிவில் 0–3. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம்ம பேலஸ், அதாவது கிறிஸ்டல் பேலஸ் கழகம், ஸ்டொக்போர்ட்டை 1–0 என்று வென்றது. நாலாம் நிமிடத்திலேயே எஸே அடித்துவிட்டான். பேலஸின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க் கடையிலிருந்து நடை தூரம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கோல் விழுந்த சத்தம் ஃபோனுக்கு முன்னால் காதுக்கு வந்துவிடும்.

இரவு ஹரோவிலிருந்து மச்சான் ஃபோன் எடுத்தான். அவன் மன்செஸ்டர் சிட்டி. 2012இல் சிட்டி லீக்கை வென்றபின் வந்து சேர்ந்த பக்தன். அதற்கு முன் மன்செஸ்டர் யுனைட்டட். சனிக்கிழமை சிட்டி சல்ஃபோர்டுக்கு எட்டு அடித்திருந்தது. “அத்தான், எட்டு! உங்கட ஆக்கள் ஒண்டோட நிண்டிட்டினம் போல.” ஒன்று போதும் என்றேன்.

10 பெப்ரவரி, திங்கள்

டொன்காஸ்டரில் பேலஸ் 2–0. முன்யோஸ், டெவெனி. சிக்கல் இல்லாத இரவு.

பேச்செல்லாம் நேற்றைய பிளிமத் பற்றியதுதான். இரண்டாம் அடுக்கில் அடிமட்டத்தில் கிடந்த அணி லிவர்பூலை 1–0 என்று வெளியேற்றிவிட்டது. ஹார்டி அடித்த பெனால்டி. லிவர்பூல் முக்கியமான ஆட்களை வீட்டில் விட்டுவிட்டு வந்தது. அது அவர்கள் பாடு.

இந்தச் சுற்றில் நான் பத்துத் தடவை திருப்பிப் பார்த்தது ஒன்றைத்தான். சனிக்கிழமை லெய்ட்டன் ஓரியண்டின் டொன்லி, மைய வட்டத்துப் பக்கமிருந்தே சிட்டியின் கோலுக்குத் தூக்கி அடித்தான். பந்து மேல்கம்பத்தில் பட்டு, பின்னோக்கி ஓடிய கோல்காப்பாளர் ஓர்ட்டேகாவில் பட்டு உள்ளே விழுந்தது. புத்தகத்தில் அது ஓர்ட்டேகாவின் சொந்தக் கோலாம். இதென்ன நியாயம்? சிட்டி பின்னர் 2–1 என்று தப்பிவிட்டது. மச்சான் அன்று எடுக்கவில்லை.

1 மார்ச், சனி

நெஞ்சு இன்னும் படபடக்கிறது.

பேலஸ் – மில்வோல். இரண்டும் தென் லண்டன், இரண்டுக்கும் ஆகாது. மதியத்துக்கே ஆட்டம் வைத்தார்கள். காலை ஒன்பது மணிக்கே தெருவில் பொலிஸ் நின்றது. பக்கத்துச் சலூன்காரர் அரைக் கதவைத்தான் திறந்தார்.

எட்டாம் நிமிடம் ஆகவில்லை. நீளமாக வந்த பந்துக்குப் பேலஸின் மட்டேட்டா ஓடினான். மில்வோல் கோல்காப்பாளர் கோல் எல்லையை விட்டு ஓடிவந்து, பந்தை உதைக்கத் தூக்கிய காலால் அவன் தலையை உதைத்துவிட்டார். கடையில் நின்ற ஒரு அம்மா ஃபோனை எட்டிப் பார்த்துவிட்டு “ஐயோ பிள்ளை” என்று வாயைப் பொத்தினார். ஒட்சிசன் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவர் முதலில் அட்டை எதுவும் காட்டவில்லை. திரையில் பார்த்தபின்தான் சிவப்பு. மைதானத்தில் அவன் விழுந்து கிடக்கும்போதே மில்வோல் பக்கத்தில் சிலர், சாகட்டும் என்ற பொருளில் பாடினார்கள். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் சில விஷயங்கள் எனக்குப் பிடிபடவில்லை.

காதில் 25 தையல் என்று பிறகு செய்தி வந்தது. ஆட்டம் 3–1. வென்றோம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

போர்ன்மத் – வூல்வ்ஸ் ஆட்டத்தில் ஒரு கோல் சரியா பிழையா என்று பார்க்கக் கிட்டத்தட்ட எட்டு நிமிடம் எடுத்தார்களாம். ஒஃப்சைட்டை அரைத் தானியக்கமாகப் பார்க்கும் புது முறை இந்தச் சுற்றில்தான் வந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்க வந்த முறை. எட்டு நிமிடத்தில் நான் ஒரு பானை தேத்தண்ணீர் ஊற்றிவிடுவேன்.

29 மார்ச், சனி

காலிறுதி. ஃபுல்ஹாம் 0, பேலஸ் 3. போன மாதம்தான் இதே ஃபுல்ஹாம் செல்ஹர்ஸ்டுக்கு வந்து 2–0 என்று அடித்துவிட்டுப் போனது. எஸே, நாலு நிமிடத்தில் இஸ்மாயிலா சார், பிறகு நெகெட்டியா. மட்டேட்டா காதை மூடிய கவசத்தோடு ஆடினான்.

மனிசிக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது. ஆனால் சார் கோல் அடித்தால் மட்டும் கேட்பாள்: “எந்தச் சார்? இங்கிலிஷ் சாரோ, கணக்குச் சாரோ?” செனகலில் பிறந்த பெடியன். அவனுக்குத் தெரியாது, தோர்ன்டன் ஹீத்தில் ஒரு வீட்டில் அவனுக்கு இவ்வளவு மரியாதை என்று.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை வருஷப்பிறப்பு. மச்சான் குடும்பத்தோடு வந்தான். கைவிசேஷம் வாங்கக் கையை நீட்டும்போதே, “அத்தான், ஐஞ்சு பவுண் தாங்கோ, ஐஞ்சு ராசியான நம்பர்” என்றான். சனிக்கிழமை லீக்கில் பேலஸ் சிட்டியிடம் 2–0 என்று முன்னே போய், 2–5 என்று தோற்றது. கொடுத்தேன், என்ன செய்ய.

16 ஏப்ரல், புதன்

நியூகாசிலில் 0–5. மச்சானின் ராசி இலக்கம். அரையிறுதிக்குப் பத்து நாள். ஃபோனை அணைத்துவிட்டேன்.

26 ஏப்ரல், சனி

பேலஸ் 3, அஸ்டன் வில்லா 0! வெம்ப்ளியில்! எஸே அடித்த முதல் கோல் பெட்டிக்கு வெளியிலிருந்து, ஒரே அடி. மட்டேட்டா பெனால்டியை வெளியே அடித்தான், பரவாயில்லை. பிறகு சார் இரண்டு. மனிசி எழும்பி நின்று கைதட்டினாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

நொட்டிங்காம் ஃபொரஸ்டை சிட்டி 2–0 என்று வென்றது. எதிர்பார்த்ததுதான். ஒரு நிமிடத்தில் மச்சானின் குறுஞ்செய்தி: “தோத்தால் கொத்து.” அவன் தோற்றால் இங்கே கொண்டுவர வேண்டும், நான் தோற்றால் ஹரோவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆட்டிறைச்சிக் கொத்து, எட்டுப் பேருக்கு.

11 மே, ஞாயிறு

மத்தியானம் கடையைப் பெடியனிடம் விட்டுவிட்டு கிறிஸ்டல் பேலஸ் பூங்காவுக்கு ஏறிப் போனேன். இந்தக் கழகத்துக்குப் பேர் கொடுத்த கண்ணாடி மாளிகை 1936இல் எரிந்துபோனது. மேடைப் படிகளும் ஸ்பிங்ஸ் சிலைகளும் மிச்சம். கீழே இப்போது விளையாட்டு நிலையம் இருக்கிற இடத்தில்தான் 1895 தொடக்கம் 1914 வரை எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டங்கள் நடந்தன. 1913இல் வில்லாவும் சண்டர்லாண்டும் ஆடியபோது 1,21,919 பேர் என்று கணக்கு. இப்போது நாய் கூட்டிவந்த இரண்டு பேரும் நானும்தான்.

அதாவது, அடுத்தடுத்து இருபது வருடம் மற்றவர்கள் கிண்ணம் தூக்கிய இடம் இது. இங்கே 1905இல் தொடங்கிய கழகம் இன்றுவரை ஒரு பெரிய கிண்ணமும் தொட்டதில்லை. கலியாண மண்டபம் வைத்திருப்பவனுக்குக் கலியாணம் ஆகாத கதை.

கிட்டப் போனது இரண்டு தடவை, இரண்டும் இந்தக் கிண்ணத்தின் இறுதியாட்டம், இரண்டும் மன்செஸ்டர் யுனைட்டட்டோடு. 2016இல் பஞ்சன் அடித்து முன்னே போனது, மூன்று நிமிடத்தில் யுனைட்டட் சமன் செய்து, மேலதிக நேரத்தில் 1–2. அதற்கு முன் 1990. அரையிறுதியில் லிவர்பூலை 4–3 என்று வென்றார்கள். அதே பருவத்தில் லீக்கில் அதே லிவர்பூலிடம் 0–9 வாங்கியவர்கள். இறுதியாட்டத்தில் மாற்றாக இறங்கிய இயன் ரைட் இரண்டு அடித்து, மேலதிக நேரத்தில் 3–2. ஏழு நிமிடம் இருக்கையில் யுனைட்டட்டின் ஹியூஸ் 3–3 ஆக்கினார். ஐந்து நாள் கழித்து மறு ஆட்டம். 0–1.

இதை மச்சானுக்குச் சொன்னபோது சிரித்தான். “மறு ஆட்டம் வேணும் வேணும் எண்டு ஜனவரியில அழுதீங்கள். உங்கட கிண்ணத்தைக் கொண்டுபோனதே மறு ஆட்டம்தானே, அத்தான்?” பதில் சொல்ல வரவில்லை. அந்த மறு ஆட்டத்தின் திகதியைப் பார்த்தேன்: மே 17. இந்த முறை இறுதியாட்டமும் மே 17.

17 மே, சனி

எழுதக் கை ஓடவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் தெரு முழுக்கச் சிவப்பும் நீலமும். எங்கள் கடைக்கு ஒவ்வொரு ஆட்ட நாளும் வந்து ஒரு பத்திரிகையும் ஒரு மின்ட் பைக்கற்றும் வாங்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஏழரைக்கே வந்துவிட்டார். 1990இலும் 2016இலும் வெம்ப்ளி போனவர். இன்று முடிவைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

நாலரைக்கு ஆட்டம். ஃபோன் இல்லை, கடைக்குள்ளேயே பெரிய திரை. 16ஆம் நிமிடம்வரை பந்து பேலஸ் பாதியிலேயே கிடந்தது. பிறகு ஒரு நீள உதை, மட்டேட்டா நெஞ்சு கொடுத்துப் பிடித்தான், வலப்பக்கம் முன்யோஸ் ஓடினான், குறுக்கே போட்டான், எஸே வந்த வாக்கிலேயே அடித்தான். 1–0. கிரனிச்சில் வளர்ந்த பெடியன் எஸே. பதின்மூன்று வயதில் ஆர்சனல் வேண்டாம் என்று விட்டது, மில்வோலும் விட்டது. 

அப்புறம் முழுக்க எங்கள் கோல்காப்பாளர் ஹென்டர்சன். முதலில் சிட்டியின் ஹாலண்ட் துரத்திய பந்தைக் கோல் பெட்டிக்கு வெளியே கையால் தட்டிவிட்டார். சிவப்பு என்றுதான் நினைத்தேன். பந்து கோலை விட்டு விலகிப் போனது என்று, வீடியோவில் பார்க்கும் நடுவர் முறையான வி.ஏ.ஆர். விட்டுவிட்டது. நேர்மையாகச் சொன்னால், அது எனக்கு எதிராக நடந்திருந்தால் இன்று நித்திரை வந்திராது. பத்து நிமிடம் கழித்து சிட்டிக்குப் பெனால்டி. ஹாலண்ட் பந்தை எடுத்தான், எடுத்து மர்மூஷிடம் கொடுத்தான். ஏன் கொடுத்தான்? ஹென்டர்சன் பாய்ந்து தடுத்தார். கடையில் பருப்பு வாங்க வந்தவர் பருப்பை விட்டுவிட்டுக் கத்தினார்.

இரண்டாம் பாதியில் முன்யோஸ் அடித்த கோல் ஒஃப்சைட் என்று போனது. சிட்டி சுற்றிச் சுற்றி வந்தது. வீணான நேரத்துக்காக இன்னும் பத்து நிமிடம் என்று பலகை காட்டினார்கள். பத்து! அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவரும் ஒரு சாமானும் வாங்கவில்லை. மனிசி மேலிருந்து இறங்கி வந்து அரிசி மூட்டையில் உட்கார்ந்தாள்.

விசில்.

வெளியே கார்களெல்லாம் ஹோர்ன். நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா நின்றேன். பேலஸின் கெயியும் ஜோயல் வோர்டும் சேர்ந்து கிண்ணத்தைத் தூக்கும்போது மச்சான் எடுத்தான். “சரி அத்தான். கொத்துக்கு மிளகாய் கூடவோ குறையவோ?” கூட, என்றேன்.

18 மே, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் நினைவு நாள். கடையைப் பெடியனிடம் விட்டுவிட்டு மனிசியும் நானும் நினைவேந்தலுக்குப் போனோம். கஞ்சி வாங்கிக் குடித்தோம். மச்சானும் வந்திருந்தான். பந்தைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

20 மே, செவ்வாய்

கொத்து நேற்றிரவு வந்தது. உறைப்பு கொஞ்சம் அதிகம்தான்.

இன்று கிண்ணம் வென்றபின் செல்ஹர்ஸ்டில் முதல் ஆட்டம், வூல்வ்ஸோடு. பின்னேரம் கிழவர் வந்தார். சனி இரவு வெம்ப்ளியிலிருந்து வந்து சேர நேரமாகிவிட்டதாம், ஞாயிறு முழுக்கப் படுத்துவிட்டாராம். அன்றைய பத்திரிகை எங்கும் கிடைக்கவில்லை என்றார். பெடியனிடம் ஒன்று எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன். கல்லாவுக்குக் கீழே, ஃபோன் வைக்கிற இடத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காசு வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, பத்திரிகைக்கும் மின்டுக்கும் சரியாக எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

காற்று இந்தப் பக்கம்தான் அடித்தது. நாலு தடவை சத்தம் கேட்டது. 4–2.