மைனஸ் பத்து வரைக்கும் பரவாயில்லை

"பிள்ளைய எங்கய்யா காணோம்?" வீடியோ காலில் என் தோளுக்குப் பின்னால் இருந்த காலித் தொட்டில் அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. வெளியே தூங்குகிறாள் என்றேன். வெளியே என்றால்? வாசலில், வண்டியில். கூட யார் இருக்கா? யாரும் இல்லை. அப்பா எங்கிருந்தோ, "அங்க இப்ப குளிர் எவ்வளவு?" என்று குரல் கொடுத்தார். நாலு டிகிரி என்றேன்.

கால் கட்டாகிவிட்டது. கோவில்பட்டியில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். கரண்ட் எல்லாம் இருந்திருக்கிறது. அரைமணி நேரத்தில் மதுரையிலிருந்து சித்தி கூப்பிட்டாள். அப்புறம் பெங்களூரிலிருந்து அக்கா. கடைசியாக மாமனார். அவர் பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாப்ள, வேலையெல்லாம் நல்லபடியா போகுதா? மனசுல ஒண்ணும் சங்கடம் இல்லையே?" என்று மட்டும் விசாரித்தார். பெற்ற பிள்ளையைக் குளிரில் தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கிறவனிடம் வேறு எப்படித்தான் பேச்சைத் தொடங்குவது?

பின்லாந்தில் இதெல்லாம் ஒரு சேதியே இல்லை. எங்கள் எஸ்போ குடியிருப்பில் அக்டோபர் மாதப் பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்து பாருங்கள், பால்கனிக்குப் பால்கனி, வாசலுக்கு வாசல் பிள்ளை வண்டி நிற்கும். உள்ளே ஒரு மூக்கு மட்டும் தெரியும். மழை தூறினாலும் மூடியை இழுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் நெவ்வொலா என்று ஒரு தாய் சேய் நல நிலையம் உண்டு. எங்களுக்கு வாய்த்த நர்ஸ் மிகவும் தன்மையானவர். எடை பார்த்தார், தலைச்சுற்றளவு அளந்தார், அப்படியே போகிற போக்கில், "வெளியே நன்றாகத் தூங்குகிறாளா?" என்று கேட்டார். வெளியே தூங்குகிறாளா என்றல்ல, நன்றாகத் தூங்குகிறாளா என்று! நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மைனஸ் பத்து வரைக்கும் பரவாயில்லை, அதற்குக் கீழே போனால் உள்ளே படுக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த தடுப்பூசித் தேதியைக் குறிக்க ஆரம்பித்துவிட்டார்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன்னால் பச்சைப்பிள்ளைகள் நிறையச் செத்துப்போன ஏழை நாடு இது. நல்ல காற்றும் வெயிலும் வேண்டும், பிள்ளைகளை வெளியே தூங்க வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆர்வோ யுல்ப்பே என்ற குழந்தை மருத்துவர். 1922-இல் ஹெல்சின்கியில் முதல் நெவ்வொலா தொடங்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. "அந்த டாக்டர் எத்தனை வயசு வரைக்கும் இருந்தாரு?" என்று கேட்டாள். 104 என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, தொப்பிய நல்லா காதை மூடிப் போட்டுவிடு."

சொல்லிவிடலாம், வெளியே கொண்டுபோய்ப் படுக்க வைப்பதற்குள் எங்கள் உயிர் போய்விடும். முதலில் மெல்லிய கம்பளி உள்ளுடை, அதற்கு மேல் கம்பளிக் கால்சட்டை, கம்பளி சாக்ஸ், கழுத்தையும் சேர்த்து மூடுகிற தொப்பி, பிறகு தலை முதல் கால் வரை ஒரே துணியாக வருகிற ஓவரால். அதைப் போட்டதும் கை கால் நாலும் விறைத்துக்கொண்டு, காற்றடைத்த பொம்மை மாதிரி கிடப்பாள். ஜிப்பை மேலே இழுத்து முடித்து, அப்பாடா என்று நிமிரும்போது முகம் சிவந்து ஒரு முக்கு முக்குவாள். எல்லாவற்றையும் கழற்று. துடை. முதலிலிருந்து மாட்டு. இதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியிருக்கும்.

ஆனால் வண்டியில் போட்டு நாலு ஆட்டு ஆட்டினால் போதும், கண் சொக்கிவிடும். வீட்டுக்குள் அரைமணி நேரம் தூங்கினால் பெரிது என்றிருந்தவள் வெளியே இரண்டு இரண்டரை மணி நேரம் அடித்துப்போட்டது போல் தூங்கினாள். ஆரம்பத்தில் நான் ஜாக்கெட்டும் ஷூவும் போட்டபடியே ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டிருப்பேன். மானிட்டர் ஒரு கையில், போன் ஒரு கையில். எங்களுடையது தரைத்தள வீடு, வண்டி ஜன்னலிலிருந்து நாலு எட்டுதான். இருந்தும் காக்கை பறந்தால் ஓடுவேன், இலை விழுந்தால் ஓடுவேன். கையைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும், பதறிப்போவேன். கையைப் பார்க்காதே, பிடரிக்குள் விரலை விட்டுப் பார் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். தொப்பிக்கும் காலருக்கும் நடுவே விரலை நுழைத்தால், அந்த நாலு டிகிரியிலும் அங்கே மட்டும் இளஞ்சூடாக, லேசாக ஈரம் பூத்து, பால் வாசனையோடு இருக்கும். பார்க்க அவசியமே இல்லாத நேரத்திலும் நான் விரலை விட்டுப் பார்ப்பதுண்டு.

வண்டிக்குள் மெத்தைக்கு மேல் விரித்திருப்பது அத்தையின் பழைய சுங்குடிச் சேலை. பிரசவத்துக்கு வந்த அத்தை விட்டுப்போனது அது. ஷெங்கன் விசாவில் 180 நாளைக்குள் 90 நாள்தான் இருக்க முடியும். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வந்து, பேத்தி முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியதாகிவிட்டது. இருந்த நாள் வரைக்கும் வீடு வீடாக இருந்தது. குளியலறையில் ஒரு முக்காலியைப் போட்டுக் காலை நீட்டி, பேத்தியைக் காலில் கிடத்தி, நல்லெண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையை உருட்டி, ஊற்று ஊற்று என்று வெந்நீர் ஊற்றுவார். பாப்பா வீல் என்று கத்துவாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருமுறை கதவைத் தட்டி எல்லாம் சரிதானே என்று கேட்டுவிட்டுப் போனார். குளித்த பின் சாம்பிராணி. முதல் நாளே புகை அலாரம் அலறி, அத்தை தட்டோடு பால்கனிக் கதவுக்கு ஓடினார். மறுநாளிலிருந்து சமையலறைப் புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு நேர் கீழே பேத்தியின் தலைமுடியைக் காட்டினார். அந்த விசிறிக்கு இப்படி ஒரு வேலை வாங்கியது பின்லாந்திலேயே அவராகத்தான் இருக்கும்.

அரசாங்கம் அனுப்பும் பேறுகாலப் பெட்டியைப் பார்த்ததும் அவர் அசந்துபோனார். 1938-இலிருந்து இந்த நாட்டில் கொடுத்துவருகிறார்கள். துணிமணி, குளிருக்கான ஓவரால், தூங்கும் பை, மெத்தை எல்லாம் அதிலேயே இருக்கும். பெட்டியிலேயே மெத்தையைப் போட்டுப் பிள்ளையையும் படுக்க வைக்கலாம். "ராசாத்திய அட்டைப்பெட்டியிலயா படுக்க வைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, பருத்திப்பாலுக்கான கருப்பட்டியையும் கடலைமிட்டாய் பாக்கெட்டுகளையும் அதில் அடுக்கினார். இன்னமும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மளிகைப்பெட்டிதான்.

செப்டம்பரில் மனைவி வேலைக்குத் திரும்பினாள். நான் வீட்டில். 2022-இல் சட்டம் மாறியதிலிருந்து தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்கு 160 நாள் உதவித்தொகையோடு விடுப்பு. ஒருவர் மற்றவருக்கு 63 நாள் வரை விட்டுக்கொடுக்கலாம். ஊரில் இதைப் புரியவைப்பது, நாலு டிகிரியைப் புரியவைப்பதைவிடக் கஷ்டம். "வேலை போயிருச்சாம், சொல்ல மாட்டேங்கிறான்" என்றுதான் பேச்சு. மாமனார் விசாரித்ததில் இதுவும் கலந்திருக்கும். இங்கே விளையாட்டுத் திடலில் தாடி வைத்த அப்பாக்கள் வரிசையாக மணல் தொட்டி ஓரம் நிற்பார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள், இது வேறு. போரடித்தால் வண்டியோடு பஸ் ஏறிவிடுவேன். ஹெல்சின்கி வட்டாரத்தில் பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு பஸ், டிராம், மெட்ரோ எதிலும் டிக்கெட் கிடையாது. நடுக்கதவில் ஏறி, வண்டியைப் பூட்டி, எங்கேயாவது போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவோம்.

இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டது என்று எழுதும்போதே நினைப்பு வேறு எங்கோ போகிறது. வாசலில் மேப்பிள் இலையைக் கூட்டி அள்ளும்போது எனக்குப் பங்குனி மாதம்தான் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் வேம்பு இலை கொட்டுவது வெயில் ஏறுகிற சமயத்தில்தானே! காலையில் அம்மா கூட்டிக் குவித்துவிட்டு உள்ளே போவதற்குள் வாசல் மறுபடி மஞ்சளாகிவிடும். இலை போனால் கொழுந்து வரும், பூ வரும், பின்னாடியே பரீட்சை லீவு வரும் என்று உடம்புக்குத் தெரியும். இங்கே இலை போனால் வருவது இருட்டு. அதை என் உடம்பு இன்னும் நம்பவில்லை. பாப்பாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவள் பார்த்த முதல் இலையுதிர்காலம் இது. கையில் கிடைத்த சிவப்பு இலையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, பிடுங்கினால் கத்துகிறாள்.

கோடைக் கடைசியில் நுவுக்சியோ காட்டில் பொறுக்கிய முஸ்திக்கா பழம், புளூபெர்ரி மாதிரி ஒரு காட்டுப்பழம், ஃப்ரீசரில் இருக்கிறது. யார் காடானாலும் பழமும் காளானும் யாரும் பறித்துக்கொள்ளலாம் என்பது இங்கத்திய உரிமை. ஊரிலிருந்து வந்த கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சி, அந்தப் பழத்தை மசித்துச் சேர்த்தால் ஊதா நிறத்தில் ஒன்று வரும். என் மனைவி அதன் பக்கமே வரமாட்டாள். பாப்பா வழித்து வழித்துத் தின்பாள். முகம், காது, என் சட்டை எல்லாம் ஊதா.

அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலை, குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி, நாலு மணியை மூன்றாக்குகிறார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று பிள்ளை இல்லாதவர்கள் சந்தோஷப்படுவார்கள். பாப்பாவிடம் யார் போய்ச் சொல்வது? அதன் பிறகு நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. வண்டியின் இரண்டு பக்கமும் ஒளி பிரதிபலிக்கும் வில்லைகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அம்மாவிடம் அதைக் காட்டியபோது திருஷ்டிக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் வைட்டமின் டி சொட்டு வேறு, 10 மைக்ரோகிராம். வெயிலைச் சொட்டுச் சொட்டாக விலை கொடுத்து வாங்குகிறேன், அதுவும் கோவில்பட்டிக்காரன்.

தீபாவளியன்று தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றி, அக்கா அனுப்பிய பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டோம். சரியாகப் பத்து நிமிடம். போட்டோ எடுத்தோம், அதற்கு மேல் ஓவரால் ஏறிவிட்டது. பட்டாசுக்கு வழியில்லை, இங்கே புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி மட்டும்தான் அனுமதி. சத்தமே இல்லாத தீபாவளியில் அவள் வாசலில் அசந்து தூங்கினாள். எங்கள் தெருவில் லட்சுமி வெடிக்கு நடுவே ஒரு பிள்ளை இப்படித் தூங்குமா? வெடிக்கு நடுவே இல்லாவிட்டாலும், வெளியே நானும் தூங்கியிருக்கிறேனே. சித்திரை வெயிலில் கரண்ட் போனால் மொத்தத் தெருவும் மொட்டைமாடியில்தானே கிடந்தது! சாயங்காலமே தளத்தில் தண்ணீர் தெளித்துச் சூட்டை இறக்கி, பாயை விரித்து, பனையோலை விசிறியோடு அம்மா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். நடுராத்திரி காற்று மாறும்போது பாதித் தூக்கத்தில் அதை முகத்தில் உணர்ந்திருக்கிறேன். அம்மாவிடம் இதை எடுத்துச் சொன்னேன். "நான் பக்கத்துல படுத்திருந்தேன்லய்யா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தையில் ஊருக்குப் போகிறோம். வருசம் திரும்புவதற்குள் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும் என்று நாள் பார்த்து, ஆசாரியிடமும் சொல்லிவைத்துவிட்டார்கள். குளிரில் தூங்கிப் பழகியவள் அங்கே வீட்டுக்குள் புழுக்கத்தில் எப்படித் தூங்குவாள் என்று மனைவிக்குக் கவலை. நேற்று மாமியாரிடமே கேட்டுவிட்டாள். அம்மா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். மாடியில் கொசுவலை கட்டியாகிவிட்டதாம், அந்த வண்டியையும் ஏரோப்ளேனில் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள். போனை வைக்கப் போகும்போது குரல் மாறியது.

"ஒண்ணே ஒண்ணு தாயி. தைப்பனி தரையத் துளைக்கும்னு சொல்லுவாக. பிள்ளைக்கு ஆகாது. ரெண்டு ஸ்வெட்டர் மறக்காம எடுத்துட்டு வாங்க."

கோவில்பட்டியில் தை மாத ராத்திரி இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதிசயம். மனைவி என்னைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல், சாமான் லிஸ்டை எடுத்து ஸ்வெட்டர் இரண்டு என்று எழுதினாள்.