கீழ்த்தளம் காலியாக இருக்கட்டும்

சிங்கப்பூரின் பொது வீடமைப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்களில்தான் தொடங்குகிறார்கள். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அமைந்ததும், முதல் ஐந்தாண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பியதும், இன்று குடியிருப்பாளர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் வீவக வீடுகளில் வசிப்பதும் மறுக்க முடியாத சாதனைகள். ஆயினும் இத்தனை பேரை மாடி மாடியாகக் குடியேற்றிய பிறகும் அண்டை அயலார் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் எப்படி மிஞ்சியது என்பதற்கு அந்த எண்களில் விடை இல்லை. மிஞ்சிய அளவுக்கு அது மிஞ்சியதற்குப் பெருங்காரணம், கட்டடத்திலேயே மிகக் குறைவாக அலங்கரிக்கப்பட்ட பகுதியான, புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழ்த்தளம் என்பது பல ஆண்டுகளாக வீவக வீட்டில் வாழ்ந்துவரும் என்னுடைய எண்ணம்.

தொடக்கத்தில் கட்டப்பட்ட புளோக்குகள் பலவற்றில் தரைத் தளத்திலும் வீடுகளே இருந்தன. அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் (கிராமக் குடியிருப்பில்) மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். ஓராண்டுக்குள் அதே நிலத்தில் முதற்கட்ட அடுக்குமாடி வீடுகள் எழுப்பப்பட்டன. அந்த நெருக்கடியில் ஒரு தளத்தைக் காலியாக விடுவதைப் பற்றி யாரும் யோசித்திருக்க முடியாது. 1970-களில்தான் வீடுகளை முதல் மாடியிலிருந்து தொடங்கி, தரைத் தளத்தைத் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த வெளியாக விடுவது பொது வழக்கமாயிற்று. சாலையில் நடப்பவரின் கண்ணுக்கு நேரே படுக்கையறைச் சன்னல் இருப்பதை யாரும் விரும்புவதில்லை. தரையோடு ஒட்டிய வீட்டில் ஈரமும் பூச்சியும் தொல்லை தரும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஊரில் நனையாமல் நடந்துபோக ஒரு கூரை வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஒரே தீர்வாக அமைந்த அந்த வெளி, பிறகு எதற்கெல்லாம் பயன்படும் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்படவில்லை. அதனால்தான் அது எல்லாவற்றுக்கும் பயன்பட்டது.

சனி, ஞாயிறுகளில் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம் நடக்கும். முதல் நாள் இரவே கூடாரத் துணிகள் கட்டப்பட்டு, பெரிய பாத்திரங்களில் பிரியாணி வேகும் மணம் பத்தாம் மாடி வரை ஏறும். அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு சீனக் குடும்பம் மூன்று நாளோ ஐந்து நாளோ துக்கம் காக்கும். உறவினர்கள் இரவெல்லாம் வட்ட மேசைகளில் அமர்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு விழித்திருப்பார்கள். நம்மவர் வீட்டு இறப்பென்றால் பெரும்பாலும் ஒரே நாள்தான். உடலைக் கீழே கொண்டுவந்து வைத்துச் சடங்குகளை முடித்துக்கொண்டு மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். வேலை முடிந்து வருகிறவர் மின்தூக்கிக்குப் போக வேண்டுமானால் இந்த நிகழ்ச்சிகளின் ஓரமாகத்தான் நடந்தாக வேண்டும். அழைப்பிதழ் இல்லாமலேயே அடுத்த இனத்தவரின் திருமணத்தையும் சாவையும் ஆண்டுக்குப் பலமுறை மிக அருகில் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, பள்ளியில் நடக்கும் நல்லிணக்க நாள் கூடுதலாக எதைக் கற்றுத்தர முடியும் என்று எனக்கு ஐயம் உண்டு.

விழா இல்லாத நாள்களில் கீழ்த்தளத்தின் பயன் இன்னும் நுட்பமானது. சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையைச் சுற்றி நான்கு முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மழை பெய்தால் பிள்ளைகள் மிதிவண்டியோடு அங்கே ஒதுங்குவார்கள். சில புளோக்குகளில் இன்றும் மாமாக் கடை என்னும் சிறு மளிகைக் கடை இருக்கிறது. ஒரு ரொட்டி, இரண்டு முட்டை, பிள்ளைக்கு ஓர் ஐஸ்கிரீம் என்று வாங்கப் போகிறவர், கடைக்காரரிடமே மேல்மாடி மூதாட்டியை இரண்டு நாளாகக் காணவில்லையே என்று விசாரிப்பார். நலவாழ்வு பற்றிய திட்ட அறிக்கைகள் இந்த விசாரிப்புக்கு என்னென்னவோ பெயர் சூட்டுகின்றன. தனியே வாழும் ஒரு முதியவருக்கு, தன்னைக் காணாவிட்டால் கேட்க ஓர் ஆள் உண்டு என்னும் நினைப்பே பெருந்துணை. அந்த ஆள் தானாகக் கிடைக்க வேண்டுமானால், தினமும் போய்வரும் வழியில் நிற்பதற்கும் உட்காருவதற்கும் இடம் இருக்க வேண்டும். அங்கே நிற்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய தேவை இருக்கக் கூடாது.

வீட்டு வாசலுக்கு முன்னால் ஓடும் பொது நடைபாதைக்கும் இதே இயல்பு உண்டு. பழைய நீண்ட புளோக்குகளில் ஒரே நடைபாதையில் இருபது வீடுகள்கூட இருந்தன. அத்தனை வீட்டாரும் ஒவ்வொருவர் சன்னலையும் கடந்து போவார்களானால் அங்கே பழக்கத்தைவிடத் தொந்தரவே மிகும். 1969-இல் கழகத்தில் சேர்ந்து, 1979 முதல் பத்தாண்டுகள் அதன் தலைமை நிர்வாகியாக இருந்த கட்டடக் கலைஞர் லியூ தாய் கெர் காலத்தில் நடைபாதைகள் துண்டு துண்டாகக் குறுக்கப்பட்டு, ஒரு பகுதியை ஏழெட்டுக் குடும்பங்கள் மட்டுமே பகிரும் நிலை உருவாயிற்று. புளோக்குகளையும் சில நூறு முதல் ஆயிரம் வீடுகள் வரை கொண்ட சிறு தொகுதிகளாகப் பிரித்து, நடுவில் விளையாட்டு இடமும் திடலும் வைக்கும் முறை அக்காலத்தில்தான் வேரூன்றியது. ஒரு மனிதர் முகம் பார்த்து அடையாளம் காணக்கூடிய ஆட்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் அது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு எத்தனை வீட்டுக்குப் போகும் என்று கணக்கிட்டுப் பார்த்தாலே அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் நடைபாதையில் அது கடைசி வீடு வரை போகும், அடுத்த மாடிக்கு ஏறாது.

நடைபாதையில் செருப்பு அலமாரியும் துளசித் தொட்டியும் கறிவேப்பிலைச் செடியும் வைப்பது எல்லாருக்கும் வழக்கம். தீ விபத்தின்போது வெளியேற 1.2 மீட்டர் அகலம் விட்டாக வேண்டும் என்பது விதி. அந்த விதி நியாயமானது. அதை மீறாமல் மிஞ்சும் ஓர் அடி இடத்தில்தான் அண்டை வீட்டாரின் முதல் உரையாடல் பெரும்பாலும் தொடங்குகிறது. பெரிய பூங்காவை யார் வேண்டுமானாலும் வரையலாம். வீட்டுக்கும் பொதுவெளிக்கும் நடுவிலுள்ள இந்த ஓர் அடியை வரையத்தான் திறமை வேண்டும்.

பழைய நாள்களே நல்ல நாள்கள் என்று பாடுவதற்காக இதை எழுதவில்லை. முன்பு மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. சில குறிப்பிட்ட மாடிகளில் இறங்கி மேலேயோ கீழேயோ படிக்கட்டில் நடக்க வேண்டும். அப்படி நடந்ததால் மனிதர்கள் சந்தித்தார்கள் என்று உருகுகிறவர்கள், முழங்கால் வலியோடு அரிசிப் பை சுமந்தவர்களை மறந்துவிடுகிறார்கள். 2001-இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் மூத்தோரையும் சக்கர நாற்காலியில் இருப்போரையும் வீட்டுச் சிறையிலிருந்து மீட்டது. அதனால் சில சந்திப்புகள் குறைந்திருக்கலாம், குறைந்தால் குறையட்டும்.

பின்னாளைய முயற்சிகளில் வானத்தில் தோட்டம் அமைப்பதுதான் உலகின் கண்ணைக் கவர்ந்தது. 2009-இல் கட்டி முடிக்கப்பட்ட பினக்கல்@டக்ஸ்டன் என்னும் வீவக குடியிருப்பில் ஐம்பது மாடிப் புளோக்குகள் ஏழு, வீடுகள் 1,848; 26-ஆம் மாடியிலும் 50-ஆம் மாடியிலும் ஏழு புளோக்குகளையும் இணைக்கும் வான்பாலத் தோட்டங்கள் இருக்கின்றன. கட்டடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கிருந்து துறைமுகத்தைப் பார்ப்பது ஓர் அனுபவம்தான். ஆனால் 26-ஆம் மாடி குடியிருப்போருக்கு மட்டும் திறந்திருக்கிறது. 50-ஆம் மாடிக்கு வெளியார் கட்டணம் செலுத்திப் போகிறார்கள். அங்கே போக ஒருவர் முடிவெடுத்துப் புறப்பட வேண்டும். கீழ்த்தளத்துக்கு யாரும் முடிவெடுத்துப் போவதில்லை. வீடு திரும்பும் வழியில் அது தானாக வந்துவிடுகிறது.

2015-இல் குவீன்ஸ்டவுனின் டாசன் பகுதியில் எழுந்த ஸ்கைவில் குடியிருப்பு இந்தச் சிக்கலைக் கூர்ந்து கவனித்திருக்கிறது. வோஹா கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த அந்தக் குடியிருப்பில் 960 வீடுகள் எண்பது எண்பதாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு எண்பதுக்கும் காற்றோட்டமான ஒரு பொதுத் தோட்டத் தளம் கொடுக்கப்பட்டுள்ளது. எண்பது என்பது பெயர் தெரிந்து வாழத்தக்க எண்ணிக்கை. தோட்டம் உயரத்தில் இருந்தாலும் அது யாருடைய தோட்டம் என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

அதே நிறுவனம் வடிவமைத்த கம்போங் அட்மிரல்ட்டி எனக்கு இன்னும் பிடித்தது. அட்மிரல்ட்டி ரயில் நிலையத்தை ஒட்டி, 0.9 ஹெக்டர் நிலத்தில், தரையில் திறந்த சதுக்கம், அதன்மேல் சுமார் 900 பேர் அமரும் உணவங்காடி நிலையம், அதற்கும் மேலே மருத்துவ நிலையம், உச்சியில் பாலர் பராமரிப்பு நிலையமும் மூத்தோர் நிலையமும் காய்கறித் தோட்டமும் அடுக்கப்பட்டு, பக்கத்துப் புளோக்குகளில் மூத்தோருக்கான 104 சிறு வீடுகள் அமைந்திருக்கின்றன. 2018-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக அது தேர்வு பெற்றது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கு வருகிறவர் யாரும் சமூக உணர்வை வளர்க்க வருவதில்லை என்பதுதான். இரத்த அழுத்தம் பார்க்கவும், தேநீர் குடிக்கவும், பேரப்பிள்ளையை அழைத்துப்போகவும் வருகிறார்கள். மூன்று வேலையும் ஒரே கூரையின் கீழ் முடிவதால் சதுக்கத்தில் பத்து நிமிடம் கூடுதலாக நிற்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இத்தனை அடுக்குகளும்.

கட்டட வடிவம் மட்டுமே இனங்களை ஒன்றாக வாழவைத்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பிட்டது. கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணத்துக்குப் பிறகு சீனர் வீட்டுத் துக்கம் நடப்பதற்கு அந்த வரம்பும் ஒரு காரணம். அதன் சுமை எல்லார் மீதும் ஒன்றுபோல் விழுவதில்லை. சீனருக்கான வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் வீட்டை விற்க முனையும் இந்தியருக்கோ மலாய்க்காரருக்கோ வாங்குவோர் குறைவு, விலையும் இறங்கும். எங்கள் உறவினர் ஒருவர் மாதக்கணக்கில் காத்திருந்து, முதலில் கேட்ட விலையைக் குறைத்தே விற்றார். 2022-இல்தான், நீண்ட காலம் வீட்டை வைத்திருந்து இந்த வரம்பினால் விற்க முடியாமல் தவிப்போரிடமிருந்து கழகமே வாங்கிக்கொள்ளும் வழி பிறந்தது. கொள்கையை நான் ஆதரிக்கிறேன். அதன் விலையைச் சிறுபான்மையினரே கூடுதலாகக் கட்டி வந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தப் பேட்டைகளைக் கட்டியவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமான ஊழியர்கள். அவர்கள் வீவக வீட்டை வாடகைக்கு எடுக்க விதிகள் இடம் தருவதில்லை. பெரும்பாலும் தீவின் ஓரங்களிலுள்ள தங்கும் விடுதிகளில், ஒரே அறையில் பலராக வாழ்கிறார்கள். அத்தகைய நெருக்கம் உடல்நலத்துக்கு என்ன செய்யும் என்பதை 2020-இல் விடுதிகளில் பரவிய கொவிட் எல்லாருக்கும் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் புல்தரையிலும் புளோக்குகளின் ஓரத்திலும் அவர்கள் உட்கார்ந்து ஊருக்குப் பேசுவதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், நம்மவர்களிலும் இருக்கிறார்கள். பொதுவெளி யாருக்கு என்ற கேள்வியை வரைபடம் எழுப்புவதில்லை. யார் உட்கார்ந்தால் புகார் போகிறது என்பதில்தான் அதற்கான விடை வெளிப்படுகிறது.

அந்தப் புகார்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கீழ்த்தளத்திலும் பந்து விளையாடக் கூடாது, மிதிவண்டி ஓட்டக் கூடாது என்ற அறிவிப்புப் பலகைகள் தொங்குகின்றன. 2016-இல் குவீன்ஸ்டவுனில் ஒரு புளோக்கில் பந்தாட்டத்தைத் தடுக்கவே இரும்புத் தடுப்புகள் நடப்பட்டு, அது நாடெங்கும் பேச்சானது. கைக்குழந்தை உறங்கும் வீட்டுக்குக் கீழே பந்து சுவரில் மோதுவது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தடை போடுவதற்குமுன் மாலை ஐந்து முதல் ஏழு வரை விளையாடலாம் என்று அந்தப் புளோக்கின் வசிப்போர் தாங்களே கூடிப் பேசி முடிவெடுத்தால், பந்தாட்டமும் நடக்கும். அதற்காகக் கூடிய கூட்டத்தில் பத்துக் குடும்பங்களுக்குப் பழக்கமும் ஏற்படும். இப்போதோ தொலைபேசியில் ஒரு புகார், சுவரில் ஒரு பலகை என்று முடிந்துவிடுகிறது.

புதிய பேட்டைகளில் இந்தக் காலியிடமே சுருங்கி வருகிறது. கீழ்த்தளத்தில் பாலர் பள்ளி, மூத்தோர் நிலையம், மிதிவண்டி நிறுத்துமிடம், மின்கருவி அறை எல்லாம் இடம்பிடிக்கின்றன, ஒவ்வொன்றும் தேவைதான். திருமணத்துக்கும் துக்கத்துக்கும் தனியாக ஒரு கூடம் கட்டித் தருகிறார்கள். முன்பதிவு செய்து பயன்படுத்தலாம், வீட்டுக்குப் போகிறவர் அதன் ஓரமாக நடக்கத் தேவையில்லை. இரைச்சல் குறைந்ததாகப் பலர் மகிழ்கிறார்கள். எனக்கோ, ஒவ்வொரு புளோக்கிலும் மின்தூக்கிக்கு அருகில் நான்கைந்து தூண் இடைவெளியையாவது எந்த நிலையத்துக்கும் ஒதுக்காமல், ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு மின்விசிறி, ஒரு விளக்கு ஆகியவற்றோடு விட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். மாதந்தோறும் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் அதைக் கூட்டித் துடைக்கும் செலவும் அடங்கிவிடும்.