தயிர் டப்பாவைத் தேடி

ஜனவரி 4

இவருக்குப் பனிவண்டி (ஸ்னோமொபைல்) வாங்குகிறோம். 850 சிசி வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது. "மதுரையில பத்து வருஷம் புல்லட் ஓட்டினவன் நான்" என்கிறார். அதுதான் என் பயமே. 165 குதிரைசக்தி, கட்டைவிரலால் அழுத்துகிற த்ராட்டில். பள்ளத்தில் தூக்கிப் போட்டால் விரல் தானாக இறுகும், வண்டி இன்னும் வேகமாகப் பாயும். புதிதாகப் பழகுகிறவருக்கு எதற்கு அது? கடைசியில் பழைய 600 ஒன்று, பனியைப் பிடித்துத் தள்ளுகிற பட்டை, அதாவது ட்ராக், 154 அங்குலம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

கராஜில் இவர் சாமான்களுக்கு ஒரு அலமாரி ஒதுக்கினேன். பச்சை ஹெல்மெட்டை மட்டும் நகர்த்தவில்லை.

ஜனவரி 6

11 நிமிடம்.

ஜனவரி 8

9 நிமிடம் 20 விநாடி.

என் பழைய பீக்கனை, அதாவது பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவியை, ஆன் செய்து தயிர் டப்பாவில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஒரு முழ ஆழத்தில் புதைக்கிறேன். எவர்சில்வர் டப்பா ஆகாது, சிக்னல் வெளியே வராது. பிறகு இவரைக் கூப்பிட்டு, போனில் நேரத்தை ஓடவிடுகிறேன். முதல் நாள் 11 நிமிடம் ஆனதற்குக் காரணம் சட்டைப் பையில் இருந்த இவருடைய போன். பீக்கனின் அம்பு பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது. இன்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஓடுவது நன்றாக இருக்கிறது. பீக்கனில் தூரம் காட்டும் எண் 40, 28, 15 என்று இறங்குகிறது. 3-க்கு வந்தால் மண்டி போட்டு, பீக்கனைப் பனியோடு ஒட்டி மெதுவாக நகர்த்த வேண்டும். அங்கேதான் பொறுமை போய்விடுகிறது. நின்றபடியே ப்ரோபை (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி) எடுத்துக் கண்ட இடத்தில் குத்துகிறார். நடுவில் குத்தி, ஒரு சாண் தள்ளி அடுத்தது, அப்படியே சுருள் போடுகிற மாதிரி சுற்றி வர வேண்டும். பட்டதும் ப்ரோபைப் பிடுங்கக் கூடாது. கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்ட வேண்டும். எத்தனை தடவை சொன்னேன்!

இவரைப் பழக்குகிறேன், இவருக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் புதைவது நானாக இருந்தால்? தேடுவது இந்த ஆள். தோண்டுவது இந்தக் கை. முதல் பத்து நிமிடத்தில் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்கப்புறம் கணக்கு மளமளவென்று சரிகிறது.

9 நிமிடம் 20. அதில் தோண்டுகிற நேரம் சேரவில்லை.

ஜனவரி 11

இரண்டு நாள் பனிச்சரிவு வகுப்பு முடிந்து வந்தார். வேண்டுமென்றே நான் கூடப் போகவில்லை. நான் சொன்னால் நச்சரிப்பு, வாத்தியார் சொன்னால் பாடம்.

சாப்பிடும்போது பேச்சே இல்லை. 2010 மார்ச் 13 பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே கனடாவில், ரெவல்ஸ்டோக் ஊர்ப் பக்கம் போல்டர் மலை, கிட்டத்தட்ட 200 பேர், சரிவின் அடியில் கூட்டமாக நின்று வேடிக்கை. மேலிருந்து பனி சரிந்து இரண்டு பேர் செத்தார்கள், முப்பதுக்கும் மேல் காயம். "கீழ நின்னவங்க மேலதான் வந்திருக்கு. வண்டியை எங்க நிறுத்துறோம்னு பார்க்கணும்ல?" என்றார். எத்தனை நாளாக நான் சொல்வது! சரி, யார் சொல்லி நுழைந்தால் என்ன.

படுத்தபிறகு, "கராஜ்ல இருக்கிற பச்சை ஹெல்மெட் உன்னோடதா?" என்று கேட்டார். தூங்கிவிட்டதாக நடித்தேன்.

ஜனவரி 12

அத்தை போன். "ஏம்மா, ரோட்டுல ஓட்டுனா ஆகாதா?" பதில் தெரியவில்லை.

ஜனவரி 14

6.45. முட்டி போட்டார்!

ஜனவரி 16, கோல்டன்

ரெவல்ஸ்டோக் போகிற வழியில் ரோஜர்ஸ் பாஸ் கணவாயை மூடிவிட்டார்கள். ராணுவத்துக்காரர்கள் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் சுட்டு, பனியை இவர்களே முந்திக்கொண்டு சரித்துவிடுகிறார்கள். பெட்ரோல் பங்க் வாசலில் ட்ரெய்லரோடு மூன்று மணி நேரமாக நிற்கிறோம். புளியோதரை தீர்ந்துவிட்டது.

1910-இல் இதே கணவாயில் 58 ரயில் தொழிலாளிகள் செத்ததைச் சொன்னேன். தண்டவாளத்தில் விழுந்த சரிவை அள்ளப் போனவர்கள். அள்ளிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்க மலையிலிருந்து இரண்டாவது வந்தது. "உதவப் போனவங்க" என்றார் இவர். நான் எதுவும் சொல்லவில்லை.

கூட வருவதாக இருந்த ஆபீஸ் தோழிக்குக் காய்ச்சல். இரண்டு பேர் போதாது. அதனால் கேபின் வரை சீராக்கிய பாதை, அதைச் சுற்றியுள்ள சமவெளி, அவ்வளவுதான். 30 டிகிரிக்கு மேல் எதிலும் ஏறுவதில்லை, அப்படிப்பட்ட சரிவின் அடியிலும் நிற்பதில்லை. எழுதியே வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 17

ரெவல்ஸ்டோக் பக்கம் ஃப்ரிஸ்பி ரிட்ஜ். மைனஸ் 11. கிளம்பும் முன் ஒருவர் பீக்கனை மற்றவர் சோதித்தோம். விழுந்தால் என்ஜினை நிறுத்தும் அணைப்புக் கயிற்றை இவர் கோட்டில் மாட்டியதை நானே இழுத்துப் பார்த்தேன்.

பாதையில் ராஜா. ஆழப் பனியில் இறங்கியதும் புல்லட் ஆசாமி வெளியே வந்துவிட்டார். இடப்பக்கம் போக ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பி, சீட்டில் உட்கார்ந்தபடியே த்ராட்டில். மூக்கு புதைந்து வண்டி நின்றது. எழுந்து நில், இரண்டு காலும் இடப்பக்கப் பலகையில், ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பி வண்டியை உன்மேல் சாய், அப்புறம் துளி த்ராட்டில். சொன்னதெல்லாம் தலைகீழாக இருக்கிறதாம். ஆமாம், இருக்கிறது.

ஏழு தடவை புதைத்தார். நாலாவதில் நான் கத்திவிட்டேன். ரேடியோவில் கத்தினால் ஹெல்மெட்டுக்குள் எப்படிக் கேட்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. ஒரு மணி நேரம் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் வண்டி முதல்முறையாக ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்து போனது. பனி இவர் தோளுக்கு மேல் எழும்பி அப்படியே மூடியது. உள்ளேயிருந்து மதுரை விசில் ஒன்று.

ஜனவரி 18

உடம்பில் வலிக்காத இடம் மூக்கு மட்டும்தான் என்கிறார்.

ஜனவரி 20

4.30.

ஜனவரி 23

பனிச்சரிவு அறிக்கை பசிபிக் நேரம் நாலு மணி, கால்கரியில் ஐந்து. ஐந்து நிமிடம் முன்பே இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ஆபத்து ஐந்துக்கு, மலை மேலே 3, கீழே 2. அடியில் புதைந்த உறைபனிப் படிகம் இன்னும் பலவீனமாகவே இருக்கிறதாம். தெளிந்த குளிர் ராத்திரிகளில் இறகு இறகாகப் பூக்குமே, அது. அழகு. அதன்மேல் அடுத்த பனி விழுந்தால் உருளைக்கட்டை மேல் பலகை வைத்த மாதிரி. அந்த வருஷமும் அதே படிகம்தான்.

ஜனவரி 24

கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவிடுகிறேன்.

சமவெளி ஓரத்தில் ஒரு சின்ன மேடு. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இவர் வண்டி அதில் ஏறிவிட்டது. முப்பதடி உயரம் இருக்கும். பாதியில் புதைந்து நின்றது. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. ஒருவர் சிக்கினால் இன்னொருவர் அதே சரிவில் ஏறக்கூடாது. நூறு தடவை நான் சொன்ன விதி. நானே வண்டியைக் கிளப்பி அடிவாரத்துக்குப் போய்விட்டேன். ட்ராக் மேட்டைத் தொட்டபோது பனி 'உம்ம்' என்று அமுங்கியது, அடியில் அந்தப் பலவீனமான அடுக்கு உடைகிற சத்தம். வயிற்றில் கேட்டது அந்தச் சத்தம்.

மேலே இவர் கையை விரித்து நீட்டியபடி நிற்கிறார். ரேடியோவில் சத்தமே உயராமல்: "அங்கயே நில்லு. பின்னால போ. மரத்துக்கிட்ட போ."

போனேன். நாற்பது நிமிடம் தனியாகத் தோண்டினார். மூக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, பனியை மிதித்துப் பாதை செய்து இறங்கினார். நாற்பது நிமிடமும் நான் பீக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. அன்றைக்கும் இப்படி நின்றிருக்க வேண்டியது.

ஜனவரி 25

பச்சை ஹெல்மெட்டைப் பற்றிச் சொன்னேன். பாதி.

ஜனவரி 27

அத்தைக்கு விசில் கதை மட்டும்.

ஜனவரி 30

மணி 4.40. அறிக்கை வர இருபது நிமிடம். அதற்குள் ஒரு தடவை தேடிப் பார்த்துவிடலாம் என்று டப்பாவைக் கேட்கிறார். அதில்தான் காலையில் உறை ஊற்றி வைத்திருக்கிறேன்.