நீக்கியதைப் பற்றிப் பேசுகிறவர்கள்: ஒட்டாவாவில் பிஎஸ்டிகேன் 2015

தொழில்நுட்ப மாநாடுகள் மேல் எனக்கு ஒரு சலிப்பு உண்டு. மேடையேறுகிறவர் தன் நிறுவனம் புதிதாகச் சேர்த்ததைப் பற்றிப் பேசுவார், கேட்கிறவர் வாங்கலாமா என்று யோசிப்பார், அவ்வளவுதான். 2015 ஜூன் மாதம் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த பிஎஸ்டிகேன் மாநாட்டில் அந்தச் சலிப்பு எனக்கு ஒரு நிமிடம்கூட வரவில்லை. அங்கே நான் உட்கார்ந்து கேட்டவர்கள் பெரும்பாலும் எதை எடுத்தெறிந்தோம், ஏன் எடுத்தெறிந்தோம் என்றுதான் பேசினார்கள்.

பிஎஸ்டி என்பது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு வகை. அதன் வழியில் வந்தவை ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களிலேயே பலருக்கு இந்தப் பெயர்கள் காதில் விழுந்ததோடு சரி. ஆனால் பிளேஸ்டேஷன் 4 கருவிக்குள் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து பிறந்தது. நெட்ஃபிளிக்ஸ் படங்களை அனுப்பும் சர்வர்களில் ஓடுவதும் ஃப்ரீபிஎஸ்டிதான். தூரத்துச் சர்வர் ஒன்றுக்குள் பாதுகாப்பாக நுழைய எல்லோரும் நம்பியிருக்கும் ஓபன்எஸ்எஸ்எச், 1999 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 2.6 பதிப்போடு வெளிவந்தது. பேத்தை மீனைச் சின்னமாக வைத்திருக்கும் அந்தச் சிறிய ஓபன்பிஎஸ்டி குழுவின் வேலை இல்லாமல் இன்றைய இணையம் ஓடாது. அவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடங்களாக இருந்தது.

கிளம்பியே தீர வேண்டும் என்று முடிவு செய்ய வைத்தது ஒரு வீடியோ. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்து, இணையத் தொடர்பைக் குறியாக்கிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தை நம்பியிருந்த தளங்கள் எல்லாம் கதிகலங்கின. ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் அந்த நூலகத்தைப் பிரித்து எடுத்து, லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பெயரிட்டு, சுத்தம் செய்ய இறங்கினார்கள். அடுத்த மாதமே பிஎஸ்டிகேன் 2014 மேடையில் ஓபன்பிஎஸ்டிக்காரரான பாப் பெக் அந்த முதல் 30 நாட்களைப் பற்றிப் பேசினார். ஸ்லைடுகள் முழுக்க காமிக் சான்ஸ் எழுத்துரு. முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் நீக்கப்பட்டிருந்தன. 16 பிட் விண்டோஸுக்கும் விஎம்எஸ்ஸுக்கும் பழைய மேக்குக்கும் என்று வைத்திருந்த நிரல் எல்லாம் போயிற்று. அந்தப் பேச்சைக் கேட்டபோது என்னைப் பிடித்து உலுக்கியது ஒன்றுதான்: யாரும் படிக்காத நிரலில்தான் ஓட்டை ஒளிந்திருக்கும், ஆகவே படிக்க முடிகிற அளவுக்கு அதைக் குறைக்க வேண்டும். இவ்வளவு எளிமையான விஷயத்தை இவ்வளவு தீவிரமாகச் செய்துகாட்டியவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாநாடு ஏன் கனடாவில் என்று சிலர் கேட்கிறார்கள். 2004ல் இதைத் தொடங்கிய டான் லாங்கில் அப்போது ஒட்டாவாவில் இருந்தார் என்பது நேரடியான பதில். ஓபன்பிஎஸ்டியைப் பொறுத்தவரை இன்னொரு பழைய பந்தமும் உண்டு. தியோ டி ராட் 1995ல் அதைத் தொடங்கியது கால்கரியில். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வலுவான குறியாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்யக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. கனடாவில் அந்தத் தடை இல்லாததால், குறியாக்கத்தை இயங்குதளத்தின் உள்ளேயே வைத்து உலகம் முழுவதற்கும் அனுப்ப முடிந்தது. இவர்களுக்குக் கனடா மண் மேல் ஒரு நன்றி இருப்பதில் ஆச்சரியமில்லை.

விமான நிலையத்திலிருந்து 97ஆம் எண் பேருந்து பல்கலைக்கழகத்து வாசலிலேயே இறக்கிவிட்டது. மாணவர் விடுதியில் அறை. பெயர்ப் பதிவு லோரியே சாலையில் இருக்கும் ராயல் ஓக் பப்பில். அடையாள அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பினால், கையேடுகளின் அடியில் மட்டும் பார்த்துப் பழகிய பெயர்கள் எதிரே ஆட்களாக நின்றுகொண்டிருந்தன. யாரிடம் முதலில் போய்ப் பேசுவது என்று தெரியவில்லை. அவர்களே வந்து, எந்தக் கணினியில் எதை ஓட்டுகிறாய் என்று கேட்டுப் பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள்.

தொடக்க உரை ஸ்டீபன் போர்ன். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் யூனிக்ஸ் ஷெல்லை எழுதிய அதே போர்ன். ஆரம்பகால யூனிக்ஸ், ஷெல்லின் வடிவமைப்பு என்பதுதான் தலைப்பு. அரங்கில் ஒரு நாற்காலி காலி இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1975ல் யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் சேர்ந்தபோது போர்ன், கேம்பிரிட்ஜில் அல்கோல் 68 என்ற நிரல் மொழிக்குக் கம்பைலர் எழுதிய கையோடு வந்தவர். அந்த மொழியின் வாசனை ஷெல் முழுக்க இருக்கிறது. ‘இஃப்’ (if) என்று திறந்ததை அதன் எழுத்துகளைத் திருப்பிப்போட்டு (fi) மூடுவது அல்கோல் பழக்கம். அதே கணக்கில் ‘டூ’ (do) என்று திறந்ததை ‘ஓடி’ (od) என்றுதான் மூடியிருக்க வேண்டும். ஆனால் யூனிக்ஸில் ஏற்கெனவே அந்தப் பெயரில் கோப்புகளை எண்களாகக் காட்டும் ஒரு கமாண்ட் இருந்ததால் ‘டன்’ (done) வந்தது. நாற்பது வருடமாக நாம் தட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் அந்தச் சின்ன மோதலின் தழும்பு இருக்கிறது.

அவர் ஷெல்லை எழுதியது சி மொழியில். ஆனால் மேக்ரோக்களை, அதாவது ஒன்றை எழுதினால் இன்னொன்றாக மாறும் குறுஞ்சொற்களை, வைத்து அந்த சி நிரலையே அல்கோல் போல் தோன்றும்படி செய்திருந்தார். அதைப் படித்தவர்களின் திகைப்பிலிருந்துதான் 1984ல் ‘யாருக்கும் புரியாத சி நிரல்’ போட்டி பிறந்தது. நினைவகத்தைக் கேட்டு வாங்குவதில் அவர் செய்தது அதைவிடத் துணிச்சல். இடம் போதுமா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்காமல் எழுதிக்கொண்டே போவது. எல்லை தாண்டியதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் பிழை சிக்னல் அனுப்பும். ஷெல் அதைப் பிடித்து, கூடுதல் இடம் வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்போதைய பிடிபி-11 கணினியில் இது ஒழுங்காக ஓடியது. மோட்டரோலா 68000 சில்லு, பிழை நேர்ந்த கட்டளையை மறுபடி சரியாகத் தொடரும் திறன் இல்லாதது. அதில் யூனிக்ஸைக் கொண்டுபோய் ஓட வைக்க முயன்றவர்கள் பட்ட பாடு இன்றும் பேசப்படுகிறது. ஒருவர் ஒரு கணினிக்காகச் செய்த புத்திசாலித்தனம் அடுத்த தலைமுறைக் கணினிக்குச் சுமையாகிறது. இதைக் கேட்க இவர்களைவிடப் பொருத்தமான சபை கிடையாது, ஏனென்றால் அந்தச் சுமையை இறக்குவதுதான் இவர்களுடைய அன்றாட வேலை.

இன்னொன்றும் அந்த அரங்கில் உறைத்தது. அங்கிருந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் போர்ன் எழுதிய நிரல் ஒரு வரிகூட ஓடவில்லை. ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி ஷெல்கள் 1989ல் கென்னத் ஆல்ம்குவிஸ்ட் புதிதாக எழுதிய ஷெல்லிலிருந்து வந்தவை. ஓபன்பிஎஸ்டியுடையது கார்ன் ஷெல்லின் கட்டற்ற வடிவத்திலிருந்து வந்தது. நிரல் போய்விட்டது, இலக்கணம் மட்டும் நிலைத்துவிட்டது. எழுதியவர் மேடையில் இருக்க, கீழே எல்லோரும் அவருடைய இலக்கணத்தில் தட்டிக்கொண்டிருந்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் தயக்கம் ஒன்றும் இல்லை.

அடுத்து ஓபன்பிஎஸ்டிக்காரரான டெட் உனாங்ஸ்ட், சிக்னிஃபை என்ற கருவி பற்றி. இது பெரிய அரங்குக்கான பேச்சாகத் தோன்றாது. தலைப்பே சின்னக் கருவி ஒன்றைப் பற்றியது: இணையத்தில் இறக்கிய இயங்குதளம் நடுவில் யாராலும் மாற்றப்படவில்லை என்று எப்படி உறுதி செய்வது? வழக்கமான பதில், குறியாக்கத்துக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கும் பயன்படும் ஜிபிஜி. ஆனால் அது பெரிய மென்பொருள். யார் யாரை நம்புகிறார்கள் என்ற வலைப்பின்னல், எண்ணற்ற விருப்பத் தேர்வுகள், அதற்குள்ளேயே வரக்கூடிய ஓட்டைகள் எல்லாம் சேர்ந்தது. சிக்னிஃபை அதையெல்லாம் ஒதுக்கிவிட்டது. எட்25519 என்ற ஒரே கையொப்ப முறை. தேர்ந்தெடுக்க வேறெதுவும் இல்லை. கையொப்பத்தைச் சரிபார்க்க எல்லோருக்கும் தரப்படும் பொதுச் சாவியில் இருப்பது 42 பைட்டுகள்தான்: இரண்டு பைட் முறையின் அடையாளம், எட்டு பைட் சாவியின் எண், மீதி 32 பைட் சாவி. பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக்கும் பேஸ்64 முறையில் எழுதினால் 56 எழுத்துகள். ஒரு ட்வீட்டுக்குள் தாராளமாக அடங்கும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் தாளில் குறித்துக்கொள்ளலாம்.

சரி, முதல் சாவியை எப்படி நம்புவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு பதிப்பிலும் அடுத்த பதிப்புக்கான பொதுச் சாவி சேர்ந்தே வருகிறது. நீங்கள் ஏற்கெனவே நம்பி நிறுவியிருக்கும் பதிப்பே அடுத்ததற்குச் சாட்சி சொல்லும். ஓபன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வெளிவருவதால், ஒரு சாவிக்கு வேலை செய்ய வேண்டிய காலமும் குறைவு. சாவியை ரத்து செய்யும் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படாமல் போகிறது. பாதுகாப்பு என்றால் அடுக்கு மேல் அடுக்கு என்று நினைத்துப் பழகிய எனக்கு, வெளியீட்டு நாட்காட்டியே பாதுகாப்பின் ஒரு பகுதியாக வேலை செய்வது புதுப் பாடம்.

அந்த ஆண்டு மே மாதம் வெளியான ஓபன்பிஎஸ்டி 5.7லும் இதே போக்குதான். கர்னலுக்குள் வெளியிலிருந்து துண்டுகளை ஏற்றும் வசதி நீக்கம், என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அடிப்படைத் தொகுப்பிலிருந்து நீக்கம். நடைவழியில் அதைப் பற்றிக் கேட்டால், நீக்கியவர் யாரென்று கைகாட்டுகிறார்கள். அவரிடமே போய்க் காரணம் கேட்கலாம். நானும் கேட்டேன். பொறுமையாக, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினார்கள்.

இங்கோ ஷ்வார்ட்ஸெயின் பேச்சு கையேடுகளைப் பற்றியது. ஓர் இயங்குதள மாநாட்டில் கையேட்டை வடிவமைத்துக் காட்டும் மென்பொருளுக்கு முழு அமர்வு ஒதுக்குகிறார்கள் என்பதே இவர்களைப் பற்றி நிறையச் சொல்லும். பிஎஸ்டி உலகில் கையேட்டில் தவறு இருந்தால் அது நிரலில் உள்ள தவறுக்குச் சமம். 1990 வாக்கில் பெர்க்லியில் சிந்தியா லிவிங்ஸ்டன் வடிவமைத்த எம்டாக் என்ற குறிமொழியில், ‘இதைத் தடித்த எழுத்தில் காட்டு’ என்று எழுதுவதில்லை. ‘இது ஒரு சூழல் மாறி’, ‘இது ஒரு செயல்கூறு’ என்று பொருளைச் சொல்லி எழுதுகிறோம். கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸ் 2008ல் தொடங்கிய மேன்டாக், அந்தக் குறிமொழியை நேராகப் படிக்கும் சின்ன சி நிரல். 2010ல் ஓபன்பிஎஸ்டி தன் அடிப்படைத் தொகுப்பிலிருந்து ஜி-ராஃப் என்ற பெரிய அச்சுக்கோப்பு மென்பொருளை எடுத்துவிட்டு மேன்டாக்கோடு நின்றுகொண்டது. பொருள் குறிக்கப்பட்டிருப்பதால், குறிப்பிட்ட ஒரு சூழல் மாறியை (நிரல்கள் படித்து அதன்படி நடந்துகொள்ளும் அமைப்பு மதிப்பை) பற்றிப் பேசும் கையேடுகள் எவை என்று தேடலாம். வெறும் சொல் தேடலில் கிடைக்காத துல்லியம் அது. ஷ்வார்ட்ஸெ அதைச் சொல்லும்போது குரலில் இருந்த உற்சாகம் தொற்றிக்கொள்ளக் கூடியது. அன்றிரவே விடுதி அறையில் உட்கார்ந்து எம்டாக் கையேட்டை முதல் வரியிலிருந்து படித்தேன்.

இந்தப் பேச்சுகளை வீடியோவில் கேட்பதற்கும் நேரில் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் கேள்வி நேரத்தில் இருக்கிறது. கேள்வி கேட்கிறவர் இன்னொரு பிஎஸ்டியில் அதே பகுதியைப் பராமரிக்கிறவராக இருப்பார். நாங்கள் இதைச் செய்துபார்த்தோம், இந்த இடத்தில் உடைந்தது என்பார். பேசியவர் குறித்துக்கொள்வார். சாயங்காலம் விடுதியின் பொது அறையில் அந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில். போட்டி இயங்குதளங்கள் என்று வெளியே பேசப்படுகிறவர்கள், ஒருவர் திரையை ஒருவர் எட்டிப்பார்த்துத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவு தாண்டியும் அந்த அறையில் விளக்கு அணையவில்லை. பிஎஸ்டி நிரல் ஒரு பிஎஸ்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாகப் போய்வருவதை மாற்றக் குறிப்புகளில் படித்திருக்கிறேன். அது எப்படிப் போகிறது என்பதை அந்த மேஜைகளில் பார்த்தேன்.

ஊரைச் சுற்ற அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தை ஒட்டியே ரீடோ கால்வாய் ஓடுகிறது. 1832ல் திறந்தது, கிங்ஸ்டன் வரை 202 கிலோமீட்டர். நாடாளுமன்றக் குன்றுக்குப் பக்கத்தில் எட்டு மதகுகள் படிக்கட்டு போல ஆற்றை நோக்கி இறங்குகின்றன. அவற்றை இன்றும் ஆட்கள் கையால் சுழற்றித்தான் திறக்கிறார்கள். ஒரு படகு முழுவதும் இறங்கி முடியும் வரை நின்று பார்த்தேன். ஒட்டாவா போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

கடைசி நாள் நிறைவு நிகழ்ச்சியில் நற்பணிக்காக ஓர் ஏலம் நடந்தது. அதோடு கூட்டம் மெல்லக் கலைந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: மாநாடு ஆண்டுதோறும் மே அல்லது ஜூன் மாதத்தில் நடக்கும். பயிற்சி வகுப்புகள் முதல் இரண்டு நாள், பேச்சுகள் அடுத்த இரண்டு நாள். விடுதியிலேயே அறை கேளுங்கள். பொது அறையின் இரவுகளை விட்டுவிட்டு வெளியே ஓட்டலில் தங்கினால் பாதி மாநாடு போய்விடும். கேள்விகளைக் கையில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பயணம் முடியாதவர்கள் வீடியோக்களில் போர்னின் உரையிலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் லிப்ரெஎஸ்எஸ்எல், அதன் பிறகு சிக்னிஃபை. சிக்னிஃபை பேச்சோடு அதே தலைப்பில் உனாங்ஸ்ட் எழுதிய கட்டுரையையும் சேர்த்துப் படித்தால் முழுவதும் பிடிபடும்.