அறிவிப்புப் பலகையின் முன் கிடைத்த துணை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் வழக்கறிஞராகப் பணிபுரியும் என்னிடம், சாதி மாறித் திருமணம் செய்துகொள்ள எல்லை தாண்டி வரும் தமிழ்ப் பிள்ளைகள் முதலில் கேட்பது, ஊருக்குத் தெரியாமல் பதிவு செய்ய முடியுமா என்பதுதான். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. பெயர், வயது, தொழில், முகவரி அடங்கிய அறிவிப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டப்படும்; யாரேனும் ஆட்சேபிப்பார்களா என்று 30 நாட்கள் காத்திருக்க வேண்டும்; நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால், நகல் ஒன்று அங்குள்ள அலுவலகத்துக்கும் போகும். எந்த ஊருக்கு அஞ்சி ஓடி வந்தார்களோ, அந்த ஊரிலேயே அவர்கள் பெயர் சுவரேறும். 2020இல் கேரள அரசு இவ்வறிவிப்புகளை இணையதளத்தில் வெளியிடுவதை நிறுத்தியது பெரிய ஆறுதல். பலகை அப்படியே இருக்கிறது.

தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள்; ஒருவர் தமிழர், மற்றவர் மலையாளி. தீர்ப்பு சாதகமானால் அவர்களும் இதே பலகையைக் கடக்க வேண்டியிருக்கும். முன்பு நான் பதிவு செய்துவைத்த ஒரு தம்பதியரிடம் இவர்களைப் பற்றிப் பேசினேன். கணவர் கவுண்டர் வீட்டுப் பிள்ளை, மனைவி அருந்ததியர். "அது வேற விஷயமுங்க, வக்கீலம்மா" என்று அவர் தயங்கினார். மனைவி தயங்கவில்லை. "எங்க பேர ஒட்டுனப்ப, எங்கண்ணன் வந்து அந்தப் பேப்பர் முன்னால நின்னு படிச்சானுங்க. அவங்க பேரும் அங்கதான ஒட்டுவாங்க?" என்றார். நான் அடுக்கிவைத்திருந்த வாதங்களில் எதுவும் இவ்வளவு நேராகப் போய்ச் சேர்ந்திருக்காது.

தடை மீறி மணந்தவர்களும் தன்பாலினத்தவரும் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் இத்தகைய கூட்டு, அமெரிக்காவில் நிறவெறியின் எல்லையைக் கடந்து உருவானது. வர்ஜீனியா மாநிலம் ஏற்க மறுத்த கறுப்பு-வெள்ளைக் கலப்புத் திருமணத்துக்காகக் கைதான மில்ட்ரெட் லவ்விங், 1967இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 2007இல், அத்தீர்ப்பின் 40ஆம் ஆண்டு நிறைவின்போது, தன்பாலினத்தவருக்கும் அந்த உரிமை வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார். கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்பான என்ஏஏசிபி 2012இல் திருமணச் சமத்துவத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இடையில் 2008இல், கலிபோர்னியாவில் வாக்கெடுப்பின் மூலம் தன்பாலினத் திருமணம் தடை செய்யப்பட்டபோது, பழியைக் கறுப்பின வாக்காளர்கள் மீது சுமத்தியவர்களும் இருந்தார்கள். கறுப்பினத்திலும் தன்பாலினத்தவர் உண்டு என்பதைக்கூட அவர்கள் மறந்தார்கள். ஆதரவு கேட்டுப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சாதி ஒழிப்புப் போராட்டத்தை நம் மனுவுக்கு மேற்கோளாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஆணவக் கொலை நடந்த வீட்டுக்கு ஒருநாளும் போகாதவர்கள், அந்த வீட்டாரிடம் துணை கேட்பது முறையல்ல. அந்த இரு பெண்களும் இதை நான் சொல்லாமலேயே அறிந்திருந்தார்கள். கொழிஞ்சாம்பாறைக்கு ஓடிவந்த ஒரு ஜோடிக்கு அவர்கள்தான் தங்க இடம் கொடுத்தார்கள். அதன் பிறகே அந்தக் கவுண்டர் வீட்டுக் கணவரின் தயக்கம் விலகியது.

2023 அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பு எங்களை வருத்தியது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். பிறகு நாங்கள் கையில் இருப்பதைக் கொண்டு வேலை செய்யத் தொடங்கினோம். தன்பாலினத்தவர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், துணைவரை நியமனதாரராகக் குறிப்பிடவும் தடையில்லை என்று 2024இல் ஒன்றிய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியதும், அந்த இரு பெண்களும் முதலில் கணக்கைத் தொடங்கினார்கள். அடுத்து, ஒருவர் சொத்து மற்றவருக்குச் சேரும்படி இருவரும் உயில் எழுதினார்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். கையெழுத்திட அந்தத் தம்பதியரே வந்தார்கள். போகும்போது மனைவியான அந்த அக்கா, அறிவிப்பு விதியை எதிர்த்து மனு போட்டால் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கான வரைவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.