ஹெத்தைப் பண்டிகை வீடியோ டிவிடியில் வெட்டி வெட்டி ஓடியபோது

நாலு டிஸ்க் குப்பைக்குப் போன பிறகுதான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. கோத்தகிரி பக்கத்தில் ஹட்டி என்கிற படுகர் ஊர் ஒன்றில், அவர்கள் கொண்டாடும் ஹெத்தைப் பண்டிகையின்போது போனில் எடுத்த எம்பி4 கோப்புகள். வீட்டுப் பெரியவர்களுக்குப் பழைய டிவிடி பிளேயர்தான் கைக்கு வரும், அதனால் டிஸ்க். கம்ப்யூட்டரில் வழுக்கிக்கொண்டு ஓடிய படம் டிவியில் திக்கியது. வெள்ளை உடுத்தி வட்டமாக ஆடுகிறவர்கள் அடிக்கு ஒரு வெட்டு வெட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். நின்று பேசும் காட்சிகளில் ஒரு குறையும் இல்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் காட்டினால், "டிஸ்க் மட்டமான சரக்கு சார், இதைப் போடுங்க" என்று இரட்டை விலையில் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். மலை இறங்கி ஏறியதில் ஒரு நாள் தண்டம். புது டிஸ்க்கிலும் அதே வெட்டு.

டிஸ்க் மோசமென்றால் படம் அப்படியே உறையும், கட்டம் கட்டமாக உடையும். அதுவும் பெரும்பாலும் கடைசிப் பகுதியில். டிவிடியை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் எழுதுகிறது, வெளிவிளிம்பில் பிழை அதிகம். சீரான தாளத்தில் வெட்டினால் டிஸ்க்கைத் திட்டிப் பயனில்லை, ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பதைப் பாருங்கள்.

போன் எடுப்பது நொடிக்கு 30 ஃபிரேம். இந்தியா என்றதும் மென்பொருளில் எல்லோரும் பிஏஎல் (இந்திய டிவி முறை) என்று தட்டுகிறோம்; அது 25. ஆறுக்கு ஒன்று தூக்கி எறியப்படுகிறது, நொடிக்கு ஐந்து வெட்டு. இன்னொரு வில்லங்கமும் உண்டு. மஞ்சு இறங்கி வெளிச்சம் குறைந்ததும் போன் தானாகவே ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்து ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் (மாறும் வேகம்) என்றிருந்தால், என்கோட் செய்யும்போதே, அதாவது டிவிடி வடிவத்துக்கு மாற்றும்போதே, அதைச் சீரான வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். டிவிடி ஆக்கும் மென்பொருளிடம் அப்படியே கொடுத்தால் சத்தம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போகும்.

தீர்வு எளிது: பிஏஎல்லை விட்டு என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் டிவி முறை). 720க்கு 480, 29.97 ஃபிரேம். 30ஐ 29.97 ஆக்கினால் ஆயிரத்துக்கு ஒரு ஃபிரேம்தான் போகும், கண்ணுக்குத் தெரியாது. இங்கே விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். ரொம்பப் பழைய டிவியில் மட்டும் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் டார்கெட்டாக என்டிஎஸ்சி டிவிடியைக் கொடுத்தால் அளவு, ஃபிரேம், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி எல்லாம் தானே அமையும். வீடியோ பிட்ரேட் (நொடிக்கு ஓடும் தரவின் அளவு) 6,000 கிலோபிட்டில் ஒரு டிஸ்க்குக்கு சுமார் 95 நிமிடம். உச்ச பிட்ரேட்டை மட்டும் 8,000க்குக் கீழே இறக்கி வையுங்கள். டிவிடி விதி 9,800 வரை அனுமதித்தாலும் வயசான பிளேயர் வேகமான காட்சியில் மூச்சுத் திணறும்.

பிறகு டிவிடி ஆக்கும் மென்பொருளான டிவிடிஸ்டைலரில் மெனு போடும்போது வீடியோவை 'காப்பி' (மாற்றாமல் அப்படியே) என்று வைக்க மறந்துவிட்டேன். அது மறுபடி ஒருமுறை என்கோட் செய்து பிஏஎல்லாக்கிவிட்டது. நாலாவது டிஸ்க் போனது இப்படித்தான்.

அதே டிஸ்க்கில் சேர்க்க வேண்டிய பழைய மினிடிவி (MiniDV) கேமரா டேப்பில் வேறு மாதிரி ஆட்டம்: கை வீசினால் முன்னும் பின்னும் உதறியது. அந்த டேப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக இரண்டு பாதியாக, அதாவது ஃபீல்டாகப் பதிவாகும்; அந்த ஃபீல்டு வரிசை மாறிய கோளாறு இது. மினிடிவி கேமரா கீழ் ஃபீல்டை முதலில் எழுதும். என்கோடரில் மேல் ஃபீல்டு முதல் என்று இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் பெரும்பாலும் இது தெரியாது. அந்த டேப் 25 ஃபிரேம் பிஏஎல் என்பதால் என்டிஎஸ்சியோடு கலக்காமல் தனி டிஸ்க்காக்கினேன்.

சோதனைக்கெல்லாம் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்று போதும். முழுப்படமும் வேண்டாம், ஆட்டம் வரும் இரண்டு நிமிடத்தை வெட்டி எழுதி, பெரியவர்களின் அதே பிளேயரில் போட்டுப் பாருங்கள். நல்லபடியாக ஓடினால் மட்டும் ஒருமுறையே எழுத முடிகிற டிவிடி-ஆரில் 8 மடங்கு வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கும் வெரிஃபை முடியும்வரை தட்டைத் திறக்காதீர்கள்.