சாம்பலுக்கு அடியில் எல்லைக் கம்பி

காட்டுத்தீயில் அழிந்த குடியிருப்பில் மனை அளந்து கொடுக்கும் வேலை என்றதும், கருவியை நிறுத்தி நாலு மூலையிலும் முளை அடித்துவிட்டு வருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அளப்பது இதில் சின்ன வேலை. அதற்கு முன்னால் தேட வேண்டியிருக்கிறதே, பொழுதெல்லாம் அதில்தான் போகும்.

லேஅவுட் போட்ட காலத்தில் அன்றைய சர்வேயர் மனை மூலைகளில் இரும்புக் குழாயோ கம்பியோ அடித்திருப்பார். வரைபடத்தில் ஒரு தூரம் எழுதியிருக்கும்; தரையில் அந்தக் கம்பி அதிலிருந்து அரை அடி தள்ளி நிற்கும். அது அடித்த இடத்திலிருந்து அசையவில்லை என்று தெரிந்தால், பெரும்பாலும் கம்பி சொல்வதுதான் செல்லும். மக்கள் அதைப் பார்த்துத்தானே வாங்கினார்கள், கட்டினார்கள்? அதனால் கையில் எவ்வளவு துல்லியமான ஜி.பி.எஸ். இருந்தாலும் முதலில் மண்வெட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் கம்பியைத் தீ ஒன்றும் செய்வதில்லை. அதன் தலையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிதான் போய்விடும். அடித்த சர்வேயரின் உரிம எண் அந்த மூடியில்தான் இருக்கும் என்பது சங்கடம். கம்பி கிடைக்கிறது; அது பழைய எல்லைக் கம்பியா, எவரோ தோட்டத்தில் அடித்துவைத்த கம்பித் துண்டா? பக்கத்து மூலைகளிலிருந்து அளந்து பார்த்தால்தான் அதை நம்பலாமா என்று தெரியும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஈயம் 327 டிகிரியிலேயே உருகும். அதனால் அலுமினிய மூடி போட்ட அடையாளங்களும், நடைபாதைக் கான்கிரீட்டில் ஈயம் வைத்துப் பதித்த ஆணிகளும் பிழைத்தால் அதிர்ஷ்டம்.

மெட்டல் டிடெக்டரை நம்பிப் போனால் அது வேறு கதை. எரிந்த வீடு என்பது ஆணி, திருகு, கீல், மெத்தை ஸ்பிரிங் எல்லாம் கலந்து கிடக்கும் இடம். கருவி அடிக்கு ஒரு தடவை கத்தும். அந்த மாதிரி இடத்தில் அதை அணைத்துவிட்டு, வரைபடக் கணக்குப்படி கம்பி இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் கையால் தோண்டுவதே மேல். முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. அந்தச் சாம்பலில் மரம் மட்டுமா இருக்கிறது, பெயின்ட், பேட்டரி, பழைய வீடென்றால் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும்.

சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒரு விஷயம் உண்டு. மரங்கள் போனபின் வானம் திறந்து, செயற்கைக்கோள் சிக்னல் முன்னெப்போதையும்விட நன்றாகக் கிடைக்கும். ஆனால் செல்போன் கோபுரமும் எரிந்திருந்தால், ஜி.பி.எஸ். அளவில் வரும் பிசகைச் சரிசெய்ய செல்போன் வழியாக வரும் திருத்த சிக்னல் வராது. சரி என்று, அந்தத் திருத்தத்தை அனுப்பும் பேஸ் ஸ்டேஷன் ஒன்றை நாமே வைத்துக்கொள்வோம்.

தீ விட்டுவைத்த கம்பியை இடிபாடு அகற்றும் இயந்திரம் பிடுங்கிப் போட்டுவிடும். கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த தீ 2018 நவம்பர் 8 அன்று தொடங்கியது. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. இப்படிப்பட்ட தீக்குப்பின் அங்கே அரசுத் துப்புரவில் அஸ்திவாரத்தைப் பெயர்த்தெடுத்து, நச்சு கலந்த மேல்மண்ணைச் சில அங்குலம் சுரண்டி எடுப்பார்கள். ஆரோக்கியத்துக்கு அது தேவைதான். ஆனால் தரைமட்டத்தில் இருக்கும் கம்பி அந்த மண்ணோடு லாரியில் ஏறிவிடும். அஸ்திவாரம் போனால் வீடு எங்கே நின்றது என்பதற்கான சாட்சியும் போய்விடும். சாலையிலிருந்து இத்தனை அடி விட வேண்டும் என்ற விதி வருவதற்கு முன்பே கட்டிய வீடுகளுக்கு அந்தச் சாட்சி ரொம்ப முக்கியம். பழைய இடத்திலேயே கட்ட அனுமதி கேட்கும்போது, அந்தப் பழைய இடத்தைக் காட்ட வேண்டுமே! அதனால் நான் போனதும் அஸ்திவாரத்தின் மூலைகளையும், எரிந்த வேலிக் கம்பங்களின் அடிக்கட்டைகளையும் அளந்துகொள்வேன். எல்லைக்கு அது ஆதாரமாகிறதா இல்லையா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆளுக்கொரு சர்வேயரைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதை நான் எதிர்க்கிறேன். அது பிழைப்புக்கு நல்லது, தெருவுக்கு நல்லதல்ல. ஒருவர் கிழக்குக் கோடியிலிருந்து அளந்துகொண்டு வருவார், இன்னொருவர் மேற்கிலிருந்து. அந்தக் காலத்தில் இரும்புச் சங்கிலி பிடித்து அளந்ததில் இருந்த சின்னச் சின்னப் பிசகெல்லாம் நடுவில் வந்து மோதும். ஒரே மூலையில் நாலு அங்குல இடைவெளியில் இரண்டு கம்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தெரு முழுவதையும் ஒரே குழு அளந்தால் அந்தப் பிசகை எல்லா மனைக்கும் விகிதப்படி பகிர்ந்துவிடலாம்.

லண்டனில் 1666 தீக்குப்பின் நகர நிர்வாகம் இப்படித்தான் செய்தது. ராபர்ட் ஹூக், பீட்டர் மில்ஸ் போன்ற சில சர்வேயர்களை நியமித்து, மனைகளை முளையடித்துக் காட்டி, சான்றிதழ் கொடுத்த பின்பே கட்டவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 1906 நிலநடுக்கத்தையடுத்து வந்த தீயில் நில ஆவணங்களே எரிந்துபோக, உரிமையை நிலைநாட்ட அந்த ஆண்டே தனிச் சட்டம் வந்தது. அங்கே காகிதம் இல்லை. நமக்குக் காகிதம் இருக்கிறது, கணினியில் பத்திரமாக, தரையில்தான் ஒன்றுமில்லை.

அளந்து முடித்தபின் வருவது பேச்சு. வேலிதான் எல்லை என்று இரு வீட்டாரும் வருஷக்கணக்காக நம்பியிருப்பார்கள். கம்பி இரண்டடி தள்ளிக் கிடைக்கும். வேலி இருந்தவரை யாரும் கேட்கவில்லை. இப்போது புது வீட்டுக்குக் கான்கிரீட் போடப் போகிறார்கள், இரண்டடி என்பது பெரிய விஷயம். எது யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. எனக்குக் கிடைத்தது இது, பத்திரம் சொல்வது இது, வேலி இருந்தது இங்கே என்று மூன்றையும் ஒரே வரைபடத்தில் காட்டுவேன். பெரும்பாலானவர்கள் சண்டை போடும் நிலையில் இல்லை. சிலர் எல்லைக்கோட்டை மாற்றி எழுதிப் பதிவுசெய்துகொள்கிறார்கள். சிலர் வக்கீலிடம் போகிறார்கள். இரண்டும் புரிந்துகொள்ளக்கூடியதே.

கிடைத்த கம்பிகளைச் சுற்றி உயரமான குச்சி நட்டு ஆரஞ்சு நாடா கட்டுவோம். அப்புறம் பொக்லைன் ஓட்டுநரை நேரில் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டுவோம். ஒப்பந்ததாரருக்கு அனுப்பும் வரைபடம் ஓட்டுநர் கைக்குப் போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.